பிளம்பர் ஹாரி பாட்ச்: பாத் முதல் லாங்கெமார்க் வரை

முதல் நாள்: பாத், கூம் டவுன்

ஹாரி பாட்ச் என்று தேடினால் முதலில் வருவது, முதல் உலகப் போரில் மேற்கு முனையின் (பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துப் போர்முனை) பதுங்குகுழிகளில் சண்டையிட்டு உயிரோடு இருந்த கடைசி மனிதர் என்பதுதான். 2009 ஜூலை 25 அன்று, 111 வயதில் காலமானார். அவர் போர்முனையில் இருந்தது 1917 ஜூன் முதல் செப்டம்பர் 22 வரை. நான்கு மாதம்கூட முழுசாக இல்லை. குழாய் வேலை பார்த்ததோ 15 வயதில் தொடங்கி 65 வயது வரை. அந்த நான்கு மாதத்துக்குக் கல் நட்டிருக்கிறார்கள், தேவாலயத்தில் மணி அடித்திருக்கிறார்கள். மீதி ஐம்பது வருடத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தப் பயணத்தில் அந்த ஐம்பது வருடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லண்டன் பாடிங்டனிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கே ஹாரியின் ஊரான பாத்துக்கு (நிலையத்தின் பெயர் பாத் ஸ்பா) ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வந்ததும் ரோமானியர் குளியல் மண்டபத்துக்குப் போங்கள். எல்லோரும் தூணையும் ஆவியையும் படமெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பெரிய குளத்தின் தளம் முழுக்கக் காரீயத் தகடு, மொத்தம் 45. சுமார் 46 டிகிரி சூட்டில் ஊற்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் வருகிறது. அந்தத் தகடுகள் இன்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன. ஈய வேலை இந்த ஊரில் அவ்வளவு பழசு.

நகரத்துக்குத் தெற்கே மேட்டின் மேல் கூம் டவுன். ஏற்றம் செங்குத்தானது. பேருந்தில் ஏறிப் போய் நடந்து இறங்குவதுதான் சரி. ஹாரி பிறந்தது இங்கேதான், 1898 ஜூன் 17. அப்பா கல்தச்சர். இந்த மேட்டின் வயிற்றைக் குடைந்துதான் பாத் நகரத்தின் தேன்நிறக் கல் வெட்டினார்கள். ஊருக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்துவிட்டதால் வீடுகள் இறங்கிவிடும் என்ற நிலை வந்து, இந்த நூற்றாண்டில்தான் நுரை கான்கிரீட் இறக்கி அடைத்தார்கள். இங்கே பாத் கல்லுக்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. திறக்கும் நாள் பார்த்துக்கொண்டு போங்கள்.

அப்பா கல்லில் இருக்க, மகன் 1913இல் பள்ளியை விட்டு பாத்தில் பிளம்பரிடம் தொழில் பழகப் போனார். அந்தக் காலத்தில் பிளம்பர் என்றால் காரீயக் குழாய். பையன் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய வித்தை இரண்டு குழாயை இணைத்துத் துணியால் துடைத்து உருட்டும் மூட்டு. இன்று அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அருகிவிட்டதால் முழுதாகவே சொல்லிவிடுகிறோம்.

ஒரு குழாயின் வாயில் கூம்பான மரக்கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி அகட்ட வேண்டும். இன்னொரு குழாயின் முனையை அரத்தால் சரிவாக ராவி அதற்குள் பொருத்த வேண்டும். இடைவெளி விட்டால் உருகிய ஈயம் உள்ளே இறங்கிக் குழாயின் துளையை அடைத்துவிடும். தண்ணீர் சன்னமாக வருகிறதே என்று பல வருடம் கழித்துத்தான் தெரியும். பிறகு விளக்குக்கரி, வஜ்ஜிரம், தண்ணீர் மூன்றும் கலந்த கருப்புப் பூச்சை மூட்டுக்கு இருபுறமும் தடவிக் காயவிட வேண்டும். பூசிய இடத்தில் சால்டர், அதாவது மூட்டை ஒட்ட உருக்கிப் பயன்படுத்தும் ஈயக் கலவை, ஒட்டாது. அரை அங்குலக் குழாய்க்கு மூட்டின் நீளம் சுமார் 3 அங்குலம். அந்த நீளத்துக்கு மட்டும் கொக்கிபோல் வளைந்த சுரண்டியால் பளபளவென்று சுரண்டி, உடனே மாட்டுக் கொழுப்பு தடவ வேண்டும். தாமதித்தால் காற்றுப்பட்டு மங்கிவிடும். சுரண்டிய இடத்தில் விரல் படவே கூடாது.

சால்டரில் காரீயம் இரண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. ஏன் இந்தக் கணக்கு என்றால், இந்தக் கலவை 250 டிகிரிக்குப் பக்கத்தில் இறுகத் தொடங்கி 183 டிகிரியில்தான் முழுக்க இறுகும். நடுவில் அல்வாப் பதத்தில் நிற்கும். அந்தச் சில நொடிகளில்தான் கொழுப்பில் தோய்த்து மடித்த தடித்துணியால் சுற்றித் துடைத்து, நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கும்படி உருவம் கொடுக்க முடியும். வெள்ளீயம் கூடினால் அந்தப் பதம் நிற்காது, சொட்டுச் சொட்டாக வழிந்து ஓடிவிடும். குறைந்தால் மூட்டு மணல்மணலாக வந்து, பார்க்க நன்றாயிருந்தும் அழுத்தம் ஏறும்போது வியர்க்கும். சால்டர் உருக்கும் சட்டியின் சூடு பார்க்கக் காகிதத் துண்டை முக்குவார்கள். பழுப்பேற வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி துத்தநாகம். பித்தளை ராவிய தூள் கொஞ்சம் சட்டியில் விழுந்தாலும் சால்டர் கட்டிகட்டியாகிவிடும். கந்தகம் போட்டுக் கிண்டி, மேலே வரும் கசடை வழித்தால்தான் தேறும். துடைத்து முடித்த மூட்டு குளிரும் முன் குழாய் ஒரு மயிரிழை அசைந்தாலும் விரிசல்தான். அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழகும் பையனின் வேலை.

1916 அக்டோபரில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தபோது ஹாரிக்கு 18 வயது. தொழில் இன்னும் முழுசாகக் கைவரவில்லை.

இரண்டாம் நாள்: பிரிஸ்டல்

பாத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம் அளவுதான். பார்க் ஸ்ட்ரீட் மேட்டின் உச்சியில் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடம், 215 அடிக் கோபுரம். 1915இல் தொடங்கி, போரால் நின்று, 1919இல் மறுபடி எடுத்து, 1925இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். பார்க்கக் கோதிக் காலத்துக் கல்கட்டடம். உள்ளே எலும்பு கம்பி கட்டிய கான்கிரீட், மேலே போர்த்தியிருப்பது பாத் கல்லும் கிளிப்ஷாம் கல்லும். போரிலிருந்து திரும்பிய ஹாரி இங்கே பிளம்பராகப் பல வருடம் உழைத்தார். கட்டிய தொழிலாளிகளில் கடைசியாக மிஞ்சியவரும் அவரே. பல்கலைக்கழகம் அவருக்கு 2005 டிசம்பரில் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது. கட்டடத்தைச் சுத்தப்படுத்திப் புதுப்பித்து 2008 பிப்ரவரியில் மறுபடி திறந்தபோது அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தது. வேலை பார்த்த கட்டடத்தில் பிளம்பரை மேடையேற்றிய நிகழ்ச்சிகள் உலகத்தில் எத்தனை இருக்கும்? இது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

கூடத்துக்குள் கூரை வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து மழைநீர் எந்த வழியில் இறங்குகிறது என்று சுற்றிப் பாருங்கள். பெரிய கட்டடத்தில் தண்ணீர் வழி தெரியாமல் இறங்க வேண்டும். தெரிந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. காரீயம் வெயிலில் நிறைய விரியும். அதனால் கூரைத் தகட்டையும் வாய்க்காலையும் நீளமாக ஒரே துண்டாகப் போடக் கூடாது. சின்னச் சின்னதாக வெட்டி, மடிப்பும் படியும் வைத்து, நகர இடம் விட வேண்டும். இடம் விடாத இடத்தில் சில வருடத்தில் தகடு உப்பி, பிறகு கிழியும். கோபுரத்தின் மேலே போகச் சில நாள்கள் மட்டும் வழிகாட்டியோடு அனுமதி, முன்பதிவு வேண்டும்.

மூன்றாம் நாள்: வெல்ஸ், ஸ்ட்ரீட்

வெல்ஸுக்கு ரயில் கிடையாது. பிரிஸ்டலிலிருந்து 376 பேருந்து வெல்ஸ், கிளாஸ்டன்பரி வழியாக ஸ்ட்ரீட் வரை போகிறது. இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மாலையில் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஹாரிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பாத்தில் பகுதிநேரத் தீயணைப்பு வீரராக இருந்தார். 1942 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஜெர்மன் விமானங்கள் அந்த அழகான ஊரைக் குறிவைத்துக் குண்டு போட்டன, 400 பேருக்கு மேல் மாண்டார்கள். சாமர்செட்டிலிருந்த அமெரிக்க முகாம்களின் குழாய், கழிவுநீர் பராமரிப்பும் அவர் பார்த்த வேலைதான். ஆயிரக்கணக்கானோர் தங்கும் முகாமில் கழிவுநீர் நின்றால் மறுவாரமே வயிற்றுப்போக்கு வரும். ஆகவே இதுவும் போர்க்கால வேலைதான். பதக்கம் கிடைக்காது, அவ்வளவே. பிறகு ஸ்ட்ரீட் ஊரில் சொந்தமாகக் குழாய் வேலைத் தொழில் நடத்தி 65 வயதில் ஓய்வு பெற்றார். அவருடைய உழைப்பு காலம் முடியும்போது காரீயக் குழாயின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் 1970க்கு முன் கட்டிய வீடுகளில்தான் இன்று அது மிச்சம். குடிநீரில் ஈயம் கரையும் என்பதால் கிடைத்த இடத்திலெல்லாம் மாற்றுகிறார்கள்.

வெல்ஸ் கடைத்தெருவில் சாலையோர ஓடையைக் கவனியுங்கள். ஊற்றுத் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. 1451இல் பெக்கிண்டன் என்ற பிஷப் தன் ஊற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்த ஏற்பாடு அது. ஹாரி கடைசிக் காலத்தில் இருந்ததும் இந்த ஊரின் முதியோர் இல்லத்தில்தான்.

அவருடைய இறுதிச் சடங்கு 2009 ஆகஸ்ட் 6 அன்று இங்கே தேவாலயத்தில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தினர் பெட்டியைத் தூக்க, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு வீரர்கள் உடன் நடந்தார்கள். துப்பாக்கி வேண்டாம் என்பது அவர் விருப்பம். அலங்காரத்துக்குக்கூட ஆயுதம் வரவில்லை. ராணுவ வீரருக்கு ராணுவ மரியாதையில் ஆயுதத்தை மட்டும் கழித்துச் செய்த சடங்கு அது.

நான்காம் நாள்: மாங்டன் கூம்

பாத்துக்குத் திரும்பி, கூம் டவுனிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் மாங்டன் கூம். அரை மணி நடை. செயின்ட் மைக்கேல் தேவாலயத்து மயானத்தில் பெற்றோர், அண்ணன் கல்லறைகளுக்கு அருகில் ஹாரியின் கல்லறை. பாதை ஈரத்தில் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். கல்லைச் சுரண்டுவது, சுண்ணாம்பு தேய்த்து எழுத்தைத் தெளிவாக்குவது எதுவும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் அது நிரந்தரக் காயம்.

1919இல் ஏடாவை மணந்தார். 1976இல் ஏடா இறக்கும்வரை 57 வருடக் குடித்தனம். அத்தனை வருடத்திலும் மனைவியிடம் போரைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு மகன்கள், இருவரும் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்கள். ஹாரி வாய் திறந்தது 1998இல், நூறு வயதில், தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேட்ட பிறகு.

ஐந்தாம் நாள்: ஈப்பர்

இனி ஹாரி போரிட்ட பெல்ஜிய மண்ணுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு பிரிட்டன் விசாவோடு ஷெங்கன் விசாவும் வேண்டும். லண்டன் செயின்ட் பாங்க்ராஸில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சுக் குடிநுழைவுச் சோதனை முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். யூரோஸ்டாரில் லில் யூரோப் இறங்கி, அங்கிருந்து நடந்தே லில் ஃபிளாண்டர்ஸ் நிலையம். அங்கே கோர்ட்ரைக் ரயில், கோர்ட்ரைக்கில் மாறினால் ஈப்பர். லில்லில் இரண்டு நிலையங்களையும் குழப்பிக்கொண்டு ரயிலை விடுபவர்கள் அதிகம்.

மாலை 8 மணிக்குப் போர் நினைவுச் சின்னமான மெனின் வாயிலில் கொம்பு ஊதுவார்கள். 1928 முதல் நடக்கிறது, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் மட்டும் நின்றது. முன்னால் நிற்க 7:15க்கே வர வேண்டும். உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கே உள்ளன. இந்தியப் படையினரின் பெயர்களும் உண்டு. 1914 அக்டோபரிலும் 1915 ஏப்ரலிலும் இந்திய ராணுவம் இந்த ஊரைச் சுற்றித்தான் போரிட்டது. இந்தியப் படையின் மிர் தஸ்த் 1915 ஏப்ரல் 26 அன்று விஷவாயுவுக்கு நடுவே போரிட்டு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸுக்கு உரியவரானதும் இங்கேதான்.

ஆறாம் நாள்: லாங்கெமார்க், ஸ்டீன்பேக் ஓடை, டைன் காட்

ஈப்பரிலிருந்து லாங்கெமார்க் பத்து கிலோமீட்டருக்குள். வாடகை சைக்கிள்தான் சிறந்தது. நிலம் தட்டை, ஆனால் எதிர்க்காற்று உண்டு. ஊரிலிருந்து போசிங்கே போகும் சாலையில் ஸ்டீன்பேக் ஓடை குறுக்கிடும் இடத்தில் ஹாரி தன் செலவில் வைத்த கல் நிற்கிறது. 1917 ஆகஸ்ட் 16 விடியற்காலையில் ட்யூக் ஆஃப் கார்ன்வால் காலாட்படையின் 7ஆம் பட்டாலியன் இந்த ஓடையைத் தாண்டி லாங்கெமார்க்கைத் தாக்கியது. அந்தத் தோழர்களின் நினைவாக, 2008 செப்டம்பரில் திறந்தார்கள். வேகமாகப் போனால் கவனிக்காமல் கடந்துவிடுவீர்கள்.

ஓடையைப் பார்த்தால், இதைத் தாண்டவா அவ்வளவு பாடு என்று தோன்றும். குழாய் வேலை தெரிந்த கண்ணுக்கு விடை மண்ணில் இருக்கிறது. அடியில் தண்ணீர் இறங்காத களிமண். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி, வடிகால் பராமரித்துத்தான் இங்கே விவசாயமே நடந்தது. தாக்குதலுக்கு முந்தைய குண்டுமழையில் பிரிட்டிஷ் பீரங்கிகள் 40 லட்சத்துக்கு மேல் குண்டு வீசின. அதில் வடிகால் முழுக்க நொறுங்கியது. பிறகு ஆகஸ்ட் மாதத்தில் 127 மில்லிமீட்டர் மழை. வடிய வழியில்லை. ஒவ்வொரு குண்டுக்குழியும் குட்டையானது, ஓடை சதுப்பானது. காயம்பட்டவர்கள் அதில் மூழ்கிச் செத்தார்கள். மழையை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மை. வடிகாலை முதலில் உடைத்தது பீரங்கி.

ஹாரி, லூயிஸ் கன் என்ற இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இரண்டாம் ஆள். குழுவில் ஐந்து பேர். முதல் ஆள் சுடுவார். இரண்டாம் ஆள் உதிரிபாகப் பையைச் சுமந்து, தோட்டாத் தட்டு மாற்றி, துப்பாக்கி அடைத்துக்கொண்டால் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக் வேலைதான். துப்பாக்கி எடை 12 கிலோவுக்கு மேல். வட்டத் தட்டில் 47 தோட்டா, ஐந்தாறு நொடியில் காலியாகும். தட்டின் அடிப்பக்கம் திறந்தது, சேறு நேராக உள்ளே போகும். வெடிவாயுவின் கரி துளையை அடைத்தால் தள்ளும் விசை குறையும். சுருள்வில்லின் இறுக்கம் தளர்ந்தாலும் கூடினாலும் ஓட்டம் கெடும். நின்றுவிட்டால் இயக்கும் கைப்பிடி எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று பார்த்துக் கோளாறு எது என்று அறிய வேண்டும். இருட்டில், சேற்றில், சில நொடிகளில்.

அந்த ஐவரும் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: முடிந்தவரை யாரையும் கொல்வதில்லை, காலுக்குத்தான் சுடுவது. துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஒரு ஜெர்மன் வீரர் ஓடி வந்தபோது ஹாரி கைத்துப்பாக்கியால் முதலில் தோளில் சுட்டார். அவர் நிற்கவில்லை. கணுக்காலிலும் முழங்காலுக்கு மேலும் சுட்டு வீழ்த்தினார். கொல்ல முடிந்தும் கொல்லவில்லை. இந்தப் பயணத்தில் இதைவிடப் பெரிதாக நினைக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 22 இரவு, முன்னணியிலிருந்து திரும்பும் வழியில் தலைக்கு மேல் குண்டு வெடித்தது. குழுவில் மூவர் போனார்கள். ஹாரிக்கு அடிவயிற்றுப் பக்கம் உலோகத் துண்டு. மயக்கமருந்து இல்லாமல், நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, எடுத்தார்கள். போர் முடிந்த சேதி வந்தபோது வைட் தீவில் இருந்தார்.

பக்கத்திலேயே ஜெர்மன் மயானம். 44,000க்கும் மேற்பட்டோர், அதில் பாதிக்கு மேல் ஒரே பொதுக்குழியில். 2004இல் ஹாரி எதிர்த்தரப்பில் போரிட்ட 107 வயது சார்ல்ஸ் குன்ட்ஸை இந்த ஊர்ப் பக்கம் சந்தித்தார். குன்ட்ஸ் அல்சாஸ் பிஸ்கட் கொடுத்தார், ஹாரி சாமர்செட் ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொடுத்தார்.

வயலோரமும் மின்கம்பத்தடியிலும் துருப்பிடித்த குண்டு கிடந்தால் தொடாதீர்கள். ஏர் ஓட்டும்போது இன்றும் கிளம்புகின்றன, சிலவற்றில் விஷவாயு உண்டு. பெல்ஜிய ராணுவத்தின் செயலிழக்கச் செய்யும் முகாம் பக்கத்து ஊரான பூல்கபெல்லேயில் இருக்கிறது, அவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.

கடைசியாக டைன் காட் போர் மயானம். பெயர் தேடி வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். உடல் கிடைக்காத பிரிட்டிஷ் வீரர்களில் 1917 ஆகஸ்ட் 15 வரை இறந்தவர்களின் பெயர் மெனின் வாயிலில், ஆகஸ்ட் 16 முதல் இறந்தவர்களின் பெயர் டைன் காட் சுவரில். லாங்கெமார்க் தாக்குதல் சரியாக அந்த எல்லை நாளில் நடந்ததால், ஹாரியின் பட்டாலியனில் அன்று காணாமல் போனவர்களை இங்கேதான் தேட வேண்டும். ஏறக்குறைய 35,000 பெயர்கள். வாசலருகே சுவர்ப் பெட்டியில் பதிவேடு இருக்கும், அதில் பலகை எண் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில் முதலில் படைப்பிரிவு, பிறகு பதவி, அதற்குள் அகரவரிசை. பதவி தெரியாமல் பெயரை மட்டும் தேடினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

நவம்பர் 11இல் வந்தால் கூட்டம் தாங்காது. ஹாரிக்கு அந்த நாள் பிடிக்காது. தோழர்கள் போன செப்டம்பர் 22தான் அவருக்கு நினைவு நாள். அந்த வாரத்தில் அறையும் சைக்கிளும் எளிதாகக் கிடைக்கும். அறுவடைக் காலம் என்பதால் டிராக்டர் சக்கரம் கொண்டுவரும் களிமண் சாலையெங்கும் படிந்திருக்கும். மழை பெய்தால் அதில் சைக்கிள் சறுக்கும், வளைவுகளில் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.